ஊசியல்ல, வித்து: இறைச்சிக் கோழியின் நூறு ஆண்டுகள்



தமிழ்க்கடையில் முருங்கைக்காயின் விலையைக் கேட்டால் ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் எடுக்கிறோம். கோழியின் விலையைக் கேட்டு யாரும் யோசிப்பதில்லை. பிரித்தானியாவில் ஒரு முழுக் கோழி பல வேளைகளில் ஒரு கிலோ முருங்கைக்காயைவிட மலிவாகக் கிடைக்கிறது. முருங்கைக்காய் விமானத்தில் வருகிறது என்பது உண்மைதான். என்றாலும், முட்டையிலிருந்து வெளிவந்து, சூடேற்றிய கொட்டகையில் வளர்ந்து, வெட்டித் துப்புரவாக்கப்பட்டு, குளிரூட்டிய வாகனத்தில் வந்து சேர்ந்த ஓர் உயிர் ஒரு மரத்துக் காயைவிட மலிவாக இருப்பது வியப்புக்குரிய விடயம் அல்லவா? அந்த மலிவு எப்படி வந்தது, அதற்கான விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதே இம்மாத உரையின் பொருள்.

முதலில் ஒரு தவறான நம்பிக்கையை விலக்கி வைப்போம். "இந்தக் கோழிகளுக்கு ஊசி போட்டுப் பெருக்க வைக்கிறார்கள்" என்று எங்கள் வீடுகளிலும் விருந்துகளிலும் அடிக்கடி சொல்லப்படுகிறது. இந்தப் பேச்சுக்கு ஒரு பழைய காரணம் உண்டு. 1940களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் சேவல்களின் கழுத்துத் தோலுக்குள் ஒரு செயற்கை ஹோர்மோன் குளிசையைப் புதைக்கும் வழக்கம் இருந்தது. 1959 இல் அது கோழிகளில் நிறுத்தப்பட்டது. அதன்பின் அங்கே கோழி வளர்ப்பில் ஹோர்மோன் அனுமதிக்கப்படவில்லை. ஐரோப்பாவிலும் அது தடைதான். ஆகவே ஊசி இல்லை. நடந்தது ஊசியைவிடப் பெரியது. கோழியின் வித்தையே மாற்றிவிட்டார்கள். ஊசி என்றால் போடாமல் விடலாம். வித்தில் இருப்பதை எந்தக் கொட்டகையில் வைத்தாலும் கோழி தன்னோடு கொண்டு திரியும்.

காட்டிலிருந்து முற்றத்துக்கு

வீட்டுக்கோழியின் மூதாதை தென்கிழக்கு ஆசியாவின் சிவப்புக் காட்டுக்கோழி. 2022 இல் வெளியான ஓர் ஆய்வின்படி, வீட்டுக்கோழியுடையவை என்று உறுதியாகச் சொல்லக்கூடிய மிகப் பழைய எலும்புகள் தாய்லாந்தின் பான் நொன் வாட் என்ற இடத்தில் கிடைத்தவை. ஏறத்தாழ 3,500 ஆண்டுகள் பழைமையானவை. மனிதர் விளைவித்த தானியத்தைத் தேடி வந்த பறவை அவர்களோடு தங்கிவிட்டது என்பது அந்த ஆய்வாளர்களின் கருத்து. எங்கள் பக்கத்துக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. பல கோழிகளின் தோலும் காலும் மஞ்சளாக இருப்பதற்குக் காரணமான மரபணு, தென்னிந்தியாவின் சாம்பல் காட்டுக்கோழியிலிருந்து வந்தது என்று 2008 இல் சுவீடன் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள்.

ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கோழி பெரும்பாலும் முற்றத்துப் பறவையாகவே இருந்தது. ஊரில் அது எப்படி வாழ்ந்தது என்பது மூத்தவர்களுக்குத் தெரியும். காலையில் கூட்டைத் திறந்துவிட்டால் வேலியோரம், குப்பைமேடு, மாட்டுக்கொட்டில் எல்லாம் கிளறித் தன் பாட்டைத் தானே பார்த்துக்கொள்ளும். பேடு அடை கிடந்து குஞ்சு பொரிக்கும். குஞ்சு வளர்ந்து கறிக்கு உதவ மாதக்கணக்காகும். விருந்தாளி வந்தால், நேர்த்தி இருந்தால், பிள்ளைப்பெற்றவளுக்குப் பத்தியக்கறி வேண்டுமென்றால்தான் ஒரு கோழி அடிப்பார்கள்.

இதைச் சொர்க்கமாக நினைக்கத் தேவையில்லை. பருந்தும் கீரியும் நாயும் கொண்டுபோனது போக மிஞ்சுவது பாதிக் குஞ்சுகளாக இருக்கும். இராணிக்கெட் நோய் வந்தால் ஒரு கிழமைக்குள் கூடு வெறுமையாகும். கால்களைக் கட்டித் தலைகீழாகத் தூக்கிச் சந்தைக்குக் கொண்டுபோவதும் எங்கள் வழக்கம்தான். ஆனால் அந்தக் கோழியின் துன்பம் வெளியிலிருந்து வந்தது. அதன் கால் அதன் உடலைத் தாங்கியது. பசித்தால் தேடித் தின்றது. இந்த இரண்டும் எப்படி இல்லாமல் போயின என்பதுதான் கடந்த நூறு ஆண்டுகளின் கதை.

ஒரு பிழையான கட்டளை

அமெரிக்காவிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோழியிறைச்சி அரிதான உணவாகவே இருந்தது. பண்ணைகளில் கோழி வளர்த்தது முட்டைக்காக. இறைச்சி என்பது வேண்டாத சேவல்களும் முட்டை ஓய்ந்த பேடுகளும்தான்.

1923 இல் டெலவெயர் மாநிலத்தில் ஓஷன் வியூ என்ற சிற்றூரில் வாழ்ந்த செசில் ஸ்ரீல் என்ற பெண்மணி, முட்டைக்கென 50 குஞ்சுகள் அனுப்பும்படி கேட்டிருந்தார். பிழையாக 500 குஞ்சுகள் வந்து இறங்கின. அவர் திருப்பி அனுப்பாமல் ஒரு கொட்டகை போட்டு வளர்த்தார். பதினெட்டு வாரங்களில் உயிரோடு இருந்த 387 குஞ்சுகளையும், ஏறத்தாழ இரண்டு இறாத்தல் எடையில், இறாத்தல் 62 சதத்துக்கு விற்றார். அந்நாளில் அது நல்ல விலை. அடுத்த ஆண்டு 1,000 குஞ்சுகள் எடுத்தார். 1926 இல் 10,000 கோழிகளுக்கான கொட்டகை கட்டினார். அயலவர்கள் பார்த்துப் பின்பற்ற, அந்தத் தீபகற்பமே இறைச்சிக் கோழி வளர்க்கும் இடமாயிற்று. அவருடைய முதற் கொட்டகை இன்றும் ஒரு வரலாற்றுச் சின்னமாகப் பாதுகாக்கப்படுகிறது.

செசில் ஸ்ரீலை இந்தக் கதையின் கொடியவராக நினைத்துவிட வேண்டாம். கையில் வந்ததை வைத்துக் குடும்பத்தை நிமிர்த்திய ஒரு பெண் அவர். இந்த வரலாற்றில் வரும் பலரும் அப்படித்தான். ஒவ்வொருவரும் அவரவர் முன்னால் இருந்த ஒரு பிரச்சினையைத் தீர்த்தார்கள். அதனால்தான் இந்த வரலாற்றைக் கவனமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முறைப்பாடும் மருந்தும்

கோழியைக் கூரைக்குள் அடைத்தபோது முதலில் முறைப்பாடு சொன்னவை அதன் கால்கள். வெயில் படாத குஞ்சுகளின் எலும்பு மெலிந்து கால் வளைந்தது. 1920களில் விற்றமின் டி பற்றிய அறிவு வந்தது. தீனில் மீனெண்ணெய் சேர்த்தார்கள். கால் நிமிர்ந்தது. இனி வெயில் தேவையில்லை, ஆண்டு முழுவதும் உள்ளேயே வளர்க்கலாம் என்றாயிற்று.

நெருக்கமாக வளர்த்தபோது குடலில் ஒட்டுண்ணி நோய் பரவியது. கொக்சிடியோசிஸ் எனப்படும் அந்த நோய்க்கு 1948 இல் தீனில் கலக்கும் ஒரு மருந்து வந்தது. இனி இன்னும் நெருக்கமாக வளர்க்கலாம் என்றாயிற்று.

1949, 1950 ஆண்டுகளில் லெடர்லி என்ற மருந்து நிறுவனத்தின் ஆய்வாளர்களான ஸ்ரொக்ஸ்ராட், ஜூக்ஸ் ஆகியோர் இன்னொன்றைக் கண்டார்கள். அன்ரிபயோற்றிக் மருந்து தயாரித்தபின் எஞ்சிய கழிவைக் குஞ்சுகளுக்குக் கொடுத்தால் அவை வேகமாக வளர்ந்தன. நோயில்லாத கோழிக்கும் நாள்தோறும் சிறிதளவு மருந்து கொடுக்கும் வழக்கம் இப்படித் தொடங்கியது. இதனால் மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகுமென்ற கவலை 1969 இல் பிரித்தானியாவின் சுவான் குழு அறிக்கையில் இடம்பெற்றது. ஆனால் வளர்ச்சிக்காக இம்மருந்துகளைக் கொடுப்பதை ஐரோப்பிய ஒன்றியம் முழுமையாகத் தடைசெய்தது 2006 ஜனவரி முதலாம் திகதியில்தான்.

இந்த மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் கோழியின் உடல் ஒரு முறைப்பாட்டைச் சொல்கிறது. ஒவ்வொரு முறையும் முறைப்பாடு நிறுத்தப்படுகிறது. அதற்குக் காரணமாக இருந்த அடைப்பும் நெருக்கமும் மாறவில்லை, கூடின.

இதே காலத்தில் தொழிலின் அமைப்பும் மாறியது. ஜோர்ஜியா மாநிலத்தின் கெய்ன்ஸ்வில் நகரில் ஜெஸி ஜூவெல் என்ற தீன் வியாபாரி, விவசாயிகளுக்குக் குஞ்சையும் தீனையும் கடனாகக் கொடுத்து, வளர்ந்த கோழியைத் தானே எடுத்துக்கொள்ளும் முறையை 1930களில் வளர்த்தார். பின்னர் அதுவே பொது வழக்கமாயிற்று. கொட்டகையும் கடனும் விவசாயியுடையவை. குஞ்சு, தீன், எந்த வித்து என்ற முடிவு எல்லாம் நிறுவனத்துடையவை.

நாளைய கோழி

வித்தை மாற்றிய நிகழ்ச்சி ஒரு போட்டி. அமெரிக்காவின் ஏ அன்ட் பி என்ற பெரிய மளிகைக் கடை நிறுவனம், வேளாண்மைத் துறையின் ஒத்துழைப்போடு, "நாளைய கோழி" என்ற பெயரில் அதை நடத்தியது. அகலமான மார்பும் தடித்த தொடையும் கொண்டு, குறைந்த தீனில் விரைவாக வளரும் கோழியை உருவாக்குபவருக்குப் பரிசு. 1946 இல் தொடங்கி மாநில மட்டத்திலும் வட்டார மட்டத்திலும் நடந்து, 1948 இல் டெலவெயரில் தேசிய இறுதிப்போட்டி இடம்பெற்றது. போட்டியாளர்கள் அனுப்பிய முட்டைகளை ஒரே இடத்தில் பொரிக்க வைத்து, குஞ்சுகளை ஒரே தீனில் வளர்த்து, பன்னிரண்டு வாரங்களில் வெட்டி நிறுத்துப் பார்த்தார்கள்.

வென்றவர் கலிபோர்னியாவின் சார்ல்ஸ் வன்ட்ரெஸ். 1951 இலும் அவரே வென்றார். அவருடைய கோழி, நியூ ஹம்ப்ஷயர் இனத்தோடு கோர்னிஷ் இனத்தைச் சேர்த்த கலப்பு. கோர்னிஷ் என்ற பெயரைக் கேட்டு அது முற்றிலும் ஆங்கிலக் கோழி என்று எண்ண வேண்டாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் கோர்ன்வோல் பகுதியில், இந்தியாவிலிருந்து கொண்டுவந்த அசீல் சண்டைச் சேவல்களை உள்ளூர்ச் சேவல்களோடு சேர்த்து உருவாக்கிய இனம் அது. அதன் பழைய பெயரே "இந்தியன் கேம்". சண்டைக்கு அது அவ்வளவாக உதவவில்லை. ஆனால் மார்பு அகன்று தசை தடித்திருந்தது. தமிழ்நாட்டுச் சேவற்கட்டுக்காரர் இன்றும் போற்றும் அசீலின் நெஞ்சுதான், பல கலப்புகளைத் தாண்டி, நாம் கடையில் எடுக்கும் நெஞ்சிறைச்சிப் பொதிக்குள் இருக்கிறது.

அந்தப் போட்டியில் புகழ்பெற்ற பெயர்கள் இன்றும் வித்து வியாபாரத்தில் இருக்கின்றன. வன்ட்ரெஸின் பெயர் கொப்-வன்ட்ரெஸ் நிறுவனத்தில் உள்ளது. ஆர்பர் ஏக்கர்ஸ் என்ற இன்னொரு பெயர் அவியாஜென் நிறுவனத்தின் ஒரு வகைக் கோழிக்கு உரியது. உலகின் இறைச்சிக் கோழிகளுக்கான வித்தில் மிகப் பெரும்பகுதி இந்த இரண்டு நிறுவனங்களின் கையில் இருக்கிறது.

மாற்றம் எவ்வளவு என்பதைக் கனடாவின் அல்பேர்ட்டா பல்கலைக்கழகம் அளந்து காட்டியது. அங்கே 1957 ஆம் ஆண்டின் கோழி வழியையும் 1978 ஆம் ஆண்டின் வழியையும் மாற்றமின்றிப் பேணி வந்தார்கள். அவற்றோடு 2005 ஆம் ஆண்டின் கோழியையும் வைத்து ஒரே தீன் கொடுத்து வளர்த்தார்கள். 56 ஆம் நாளில் 1957 கோழியின் சராசரி எடை 905 கிராம். 1978 கோழி 1,808 கிராம். 2005 கோழி 4,202 கிராம். இது 2014 இல் வெளியான முடிவு. தீன் ஒன்று, கவனிப்பு ஒன்று. வேறுபாடு வித்தில் மட்டுமே. ஊசி என்ற பேச்சுக்கு இதைவிடத் தெளிவான பதில் இல்லை.

இன்று ஒரு சாதாரண இறைச்சிக் கோழி ஐந்து முதல் ஆறு வாரங்களில் வெட்டப்படுகிறது. அந்த வயதில் அது இன்னமும் கீச்சுக் கீச்சென்றுதான் கத்தும். கோழியின் குரல் வந்திராது. நாம் வாங்குவது கோழியின் உருவத்தில் உள்ள ஒரு குஞ்சு.

கால்கள் மறுபடியும் பேசுகின்றன

பிரித்தானியாவுக்கு இந்த முறை 1950களில் வந்தது. அமெரிக்காவில் பார்த்துவிட்டு வந்த அன்ரனி ஃபிஷர் என்பவர் சசெக்ஸில் பக்ஸ்ரெட் கோழி நிறுவனத்தைத் தொடங்கினார். போர்க்காலப் பங்கீடு 1954 இல் முடிந்திருந்தது. இறைச்சிக்கு ஏங்கியிருந்த மக்களுக்கு மலிவுக் கோழி பெரிய வரம். அதை மறுக்க முடியாது.

பத்து ஆண்டுகள் கழித்து, 1964 இல், ரூத் ஹரிசன் என்ற பெண்மணி "விலங்கு இயந்திரங்கள்" என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு நூல் எழுதினார். அவர் விஞ்ஞானியும் அல்லர், விவசாயியும் அல்லர். வீட்டுக்கு வந்த ஒரு துண்டுப் பிரசுரம் அவரைத் தூண்டியது. கொட்டகைகளுக்குள் நடப்பதை நேரில் பார்த்தும் தொழிலின் சொந்த இதழ்களைப் படித்தும் எழுதினார். நாடே அதைப் பற்றிப் பேசியது. அரசு பிராம்பெல் என்ற பேராசிரியரின் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. 1965 இல் அந்தக் குழு, பண்ணை விலங்கு எழுந்து நிற்கவும், படுக்கவும், திரும்பவும், உடலைச் சுத்தப்படுத்தவும், கைகால்களை நீட்டவும் இடமிருக்க வேண்டும் என்றது. 1979 இல் இது ஐந்து சுதந்திரங்களாக வளர்ந்தது. பசி தாகத்திலிருந்து, வசதியின்மையிலிருந்து, வலி காயம் நோயிலிருந்து, அச்சத்திலிருந்து விடுதலை. தன் இயல்புப்படி நடக்கும் உரிமை. உலகெங்கும் விலங்கு நலச் சட்டங்களுக்கு இவைதான் அடித்தளம்.

ஐரோப்பிய ஒன்றியம் 2007 இல் இறைச்சிக் கோழிக்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. 2010 முதல் அது நடைமுறைக்கு வந்தது. ஒரு சதுர மீற்றரில் 33 கிலோ கோழி, நிபந்தனைகளை நிறைவேற்றினால் 39, மேலும் சில நிபந்தனைகளோடு 42 கிலோ வரை வைக்கலாம். இரண்டு கிலோக் கோழி என்றால் 33 கிலோவில் ஒரு கோழிக்குக் கிடைப்பது கிட்டத்தட்ட நாம் கடிதம் எழுதும் ஏ4 தாளின் அளவு. சுவிற்சர்லாந்தில் எல்லை 30 கிலோ. சட்டம் வந்தது நன்மையே. ஆனால் அது அளந்தது கோழியைச் சுற்றியிருந்த இடத்தை. கோழிக்குள் நடந்தது அதற்கு எட்டவில்லை.

2008 இல் பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பிரித்தானியப் பண்ணைகளில் 51,000 கோழிகள் நடப்பதைப் பார்த்து மதிப்பெண் இட்டார்கள். சராசரி வயது 40 நாட்கள். 27.6 சதவீதமானவை சரியாக நடக்க முடியாதவை. 3.3 சதவீதமானவை ஏறக்குறைய நடக்கவே முடியாதவை. தசை எலும்பை முந்திக்கொண்டு வளர்ந்துவிட்டது. 1920களில் வளைந்த காலுக்கு மீனெண்ணெய் மருந்தாயிற்று. இந்தக் காலுக்கு அப்படி ஒரு மருந்து இல்லை. நோய் வளர்ச்சியிலேயே இருக்கிறது.

"நொண்டினால் வலிக்கிறது என்று எப்படித் தெரியும்? கோழி சொல்லியதா?" என்று கேட்டவர்கள் உண்டு. 2000 ஆம் ஆண்டு வெளியான இன்னொரு பிரிஸ்டல் ஆய்வு அந்தக் கேள்வியைக் கோழியிடமே கேட்டது. இரண்டு நிறத் தீன்கள் வைத்தார்கள். ஒன்றில் வலிநீக்கி மருந்து, மற்றதில் இல்லை. நன்றாக நடக்கும் கோழிகளைவிட நொண்டும் கோழிகள் மருந்துத் தீனைக் கூடுதலாகத் தின்றன. நொண்டல் எவ்வளவு கடுமையோ, மருந்துத் தீன் அவ்வளவு கூடுதல். கோழி தன் மொழியில் சொல்லிவிட்டது.

தாய்க்கோழியின் பசி

இந்தக் கதையில் அதிகம் பேசப்படாத பகுதி ஒன்று உண்டு. ஐந்து வாரத்தில் வெட்டப்படும் குஞ்சுக்கு ஒரு தாயும் தகப்பனும் இருக்க வேண்டும். அவையும் அதே வித்துத்தான். ஆனால் அவை முட்டையிட மாதக்கணக்கில் உயிரோடு இருக்க வேண்டும். விரும்பிய அளவு தின்னவிட்டால் அவையும் குஞ்சுகளைப் போலவே பெருத்துவிடும். கால் முறியும், இதயம் நிற்கும், முட்டை குறையும். ஆகவே அவற்றின் தீனைக் கட்டுப்படுத்துகிறார்கள். வளரும் பருவத்தில், விட்டால் தின்னக்கூடிய அளவின் கால் பங்கு முதல் அரைப் பங்கு வரைதான் கிடைக்கும். கிடைத்த தீன் சில நிமிடங்களில் முடிந்துவிடும். மீதி நாள் முழுவதும் அவை வெறுந்தரையையும் வெறும் தட்டையும் கொத்திக்கொண்டும், ஓய்வின்றி நடந்துகொண்டும், தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்துக்கொண்டும் இருக்கும். பல நாடுகளில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் தீன் வைக்கும் முறையும் உண்டு.

ஐந்து சுதந்திரங்களில் முதலாவது பசியிலிருந்து விடுதலை. தின்றால் நோய், தின்னாவிட்டால் பசி என்று ஓர் உயிரை வித்திலேயே பூட்டிவிட்ட பிறகு அந்தச் சுதந்திரத்தை எந்தப் பண்ணைக்காரராலும் கொடுக்க முடியாது, அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும். பசி என்றால் என்னவென்று எங்கள் சமூகத்துக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. மனிதரின் துன்பத்தையும் கோழியின் துன்பத்தையும் ஒரே தராசில் வைக்க நான் வரவில்லை. ஆனால் பசியை அறிந்தவர்கள் பசியைக் கேட்டுவிட்டுச் சும்மா கடந்துபோவது கடினம்.

இந்தப் பசியை எதிர்த்து விலங்கு நல அமைப்பு ஒன்று இங்கிலாந்து நீதிமன்றம் சென்றது. 2003 இலும், மேன்முறையீட்டில் 2004 இலும் வழக்குத் தோற்றது. பின்னர் இன்னோர் அமைப்பு விரைவில் வளரும் இனங்களையே கேள்விக்குள்ளாக்கி வழக்குத் தொடுத்தது. அதற்கு ஆதாரமாக ஒரு பழைய சட்டவிதி இருந்தது. ஒரு விலங்கின் மரபணு அமைப்பையோ உடலமைப்பையோ பார்த்தால், நலக்கேடின்றி அதை வளர்க்க முடியும் என்று நியாயமாக எதிர்பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அதைப் பண்ணையில் வைத்திருக்கக் கூடாது. ஐரோப்பாவில் 1998 இலேயே எழுதப்பட்ட விதி இது. 2024 டிசம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. எனினும் அந்த விதி உயிருள்ள விதிதான், வித்தினால் வரும் துன்பத்துக்கும் அது பொருந்தும் என்பதைத் தன் தீர்ப்பில் விளக்கியது. வித்து என்பது சட்டத்தின் வாசலுக்கு வந்துவிட்டது. உள்ளே இன்னும் வரவில்லை.

மாற்ற முடியுமா?

முடியும் என்பதற்குச் சான்றுகள் உண்டு. நெதர்லாந்தில் இந்தக் கோழிக்கு "வெடித்துவிடும் கோழி" என்ற பொருளில் மக்கள் ஒரு பெயர் வைத்தார்கள். அந்தச் சொல் 2012 இல் நாடெங்கும் பரவியது. எழுந்த எதிர்ப்பினால் அந்நாட்டுப் பெரிய அங்காடிகள் மெதுவாக வளரும் இனங்களுக்குப் படிப்படியாக மாறின. நோர்வேயில் ஒரு பெரிய கோழி நிறுவனம் 2018 இல் தன் பறவைகள் அனைத்தையும் மெதுவாக வளரும் இனமாக மாற்றியது. கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகம் 16 வகை இனங்களில் 7,500 க்கு மேற்பட்ட கோழிகளை ஆராய்ந்து 2020 இல் முடிவை வெளியிட்டது. வேகமாக வளரும் இனங்களே கூடுதலாகத் துன்பப்படுகின்றன என்பது அதன் சாரம்.

பிரித்தானியாவில் அண்மைய ஆண்டுகளில் பெரிய அங்காடிகள் பல, கோழிகளுக்குக் கூடுதல் இடம் தருவதாக அறிவித்தன. நல்லதுதான். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை இனத்தை மாற்றவில்லை. நடக்க முடியாத கோழிக்கு நடக்க இடம் கொடுப்பது போன்றது அது. நூறு ஆண்டுகளாக நடந்துவருவதன் தொடர்ச்சிதான்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். மெதுவாக வளரும் கோழி கூடுதல் நாள் உயிரோடு இருக்கும், கூடுதல் தீன் தின்னும், கூடுதல் விலை ஆகும். தீன் கூடினால் அதை விளைவிக்க நிலமும் கூடுதலாக வேண்டும். இந்த நாடுகளுக்கு வந்த புதிதில் கையில் காசில்லாமல் இருந்த எங்கள் குடும்பங்களுக்கு மலிவுக் கோழிதான் சோற்றுக்குத் துணை நின்றது. இன்றும் பல வீடுகளில் அதுதான் நிலை. அப்படி உண்பவரைக் குற்றவாளியாக்குவது நியாயமல்ல. வித்தைத் தீர்மானித்தவர்கள் அவர்கள் அல்லர்.

ஆனால் எங்களில் பலருக்கு இன்று கொஞ்சம் தெரிவு இருக்கிறது. "புரொயிலரில் ருசியில்லை, எலும்பு மாவாய்க் கரைகிறது" என்று சொல்லிக்கொண்டே கிழமையில் நாலைந்து நாள் அதைத்தான் சமைக்கிறோம். ஊர்க்கோழி மாதிரி வேண்டுமென்று "ஹார்ட் சிக்கன்" கேட்டு வாங்குகிறோம். அது பெரும்பாலும் ஊர்க்கோழி அல்ல, முட்டைப் பண்ணையில் முட்டை ஓய்ந்த பேடு. அதற்கு வேறொரு கதை உண்டு, இன்னொரு நாள் பேசலாம். மெதுவாக வளர்ந்த கோழி வேண்டுமானால் பொதியில் எழுதியிருப்பதைப் பார்க்க வேண்டும். சுதந்திரமாக வெளியே திரிந்தது என்று மட்டும் எழுதியிருந்தால் போதாது. எந்த இனம், எத்தனை நாள் வளர்ந்தது என்பதே கேள்வி. ஓர்கானிக் கோழிக்குச் சட்டப்படி இது கவனிக்கப்படுகிறது. விரைவில் வளரும் இனமானால் 81 நாட்களுக்கு முன் வெட்டக் கூடாது என்பது ஐரோப்பிய ஓர்கானிக் விதிகளில் உள்ளது. விலை மிக அதிகம் என்பதும் உண்மை.

அந்த விலைக்கு ஈடுகட்டும் வழி எங்கள் வழக்கத்திலேயே இருக்கிறது. வெள்ளிக்கிழமை மச்சம் இல்லை. கந்தசட்டிக்கு இல்லை. நல்லூர்க் கொடியேறினால் இருபத்தைந்து நாள் இல்லை. கோழி என்பது விருந்துக்கு உரியது என்ற நினைவு இன்னும் அழியவில்லை. கிழமைக்கு நான்கு மலிவுக் கோழி வாங்கும் காசில், ஒன்றோ இரண்டோ நல்ல கோழி வாங்கி, மீதி நாளுக்குப் பருப்பும் மரக்கறியும் மீனும் வைக்கலாம். கழுத்தையும் ஈரலையும் எலும்பையும் வீசாமல் இரசம் வைக்கலாம். பிறந்தநாள் விழாவுக்கு ஐம்பது கிலோ கோழி சொல்லிவிட்டுப் பாதியைக் குப்பையில் கொட்டும் வழக்கத்தையாவது நிறுத்தலாம். வளர்ந்த குஞ்சு வளர்ந்ததுதான். அதை வீணாக்குவது இரண்டாம் முறை கொல்வது.

பிரித்தானியாவில் மட்டும் ஆண்டுக்கு ஏறத்தாழ 100 கோடி கோழிகள் வெட்டப்படுகின்றன. உலகில் 7,000 கோடிக்கு மேல். ஒரு வீடு மாறினால் இந்த எண்ணிக்கை அசையாது. ஆனால் வித்து மாறியது கடைக்காரர் கேட்டதால். ஒரு மளிகைக் கடை நிறுவனம் போட்டி வைத்து, மார்பு அகன்ற கோழி வேண்டும் என்று கேட்டது. ஐந்தாண்டுகளில் அது கிடைத்தது. அப்படியானால் காலில் நிற்கக்கூடிய கோழி வேண்டும் என்று கேட்பவர்கள் போதியளவு இருந்தால் அதுவும் கிடைக்கும். அடுத்த முறை கடைக்குப் போகும்போது, விலையோடு சேர்த்து, "இது எத்தனை நாள் கோழி?" என்றும் கேளுங்கள். கடைக்காரருக்குப் பதில் தெரிந்திராது. பத்துப் பேர் கேட்டால் அவர் தேடுவார்.